லினக்ஸ் பாதியில் நிற்கிறதா? பார்மட் போடுவதற்கு முன் எங்கே நின்றது என்று பாருங்கள்

பூட் ஆகும்போது கம்ப்யூட்டர் பாதியில் நின்றால் நம் ஊர்ப் பக்கம் முதலில் காதில் விழுவது ஒன்றுதான்: "பார்மட் போட்டுடலாமா?" தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, எந்தக் கடைவீதியில் கேட்டாலும் இதே கேள்வி. லினக்ஸ் மெஷினுக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் வேண்டியதில்லை. எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சம் ஒரு வரியைத் திருத்துவதாகவோ ஒரு கட்டளை கொடுப்பதாகவோதான் இருக்கும். போட்டோ, கடைக் கணக்கு, பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும், மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் உருவான அதே பாஸ்தான், டெபியன் வழி வந்தது. அந்த லேப்டாப்பில் மின்ட் ஏற்றி இன்னமும் ஓட்டுகிறவர்கள் டெல்டாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்ட வேண்டும். எஃப்எஸ்சிகே என்றால் அந்த நான்கு எழுத்துகள், நடுவில் இடைவெளி இல்லாமல். இங்கே இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் மட்டும் அங்கேயும் விடுங்கள்.

முதல் வேலை: எதுவரை வந்தது?

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வயலில் நின்று மண்ணைக் கிளறுவதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து எந்த மதகு வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்ப்பார். இங்கேயும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். புது மெஷினில் யூஇஎஃப்ஐ. கம்பெனி லோகோ தெரிவது அப்போதுதான். அது டிஸ்க்கைக் கண்டுபிடித்து கிரப் என்ற பூட் லோடரிடம் வேலையை ஒப்படைக்கும். கிரப், லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலையும் அதோடு இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டை ஒன்றையும் நினைவகத்தில் ஏற்றும். டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் அந்த மூட்டைக்குள் இருக்கும். டிஸ்க் திறந்ததும் சிஸ்டம்டி வந்து நெட்வொர்க், பிரிண்டர், மற்ற டிஸ்க்குகள் என்று ஒவ்வொன்றாக எழுப்பும். கடைசியில் பாஸ்வேர்ட் கேட்கும் திரை.

திரையில் கடைசியாக என்ன தெரிந்தது என்பதை வைத்து இதில் எந்தக் கட்டத்தில் சிக்கல் என்று சொல்லிவிடலாம். கம்பெனி லோகோவைத் தாண்டவில்லை என்றால் லினக்ஸ் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை, அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கறுப்புத் திரையில் கிரப் என்று மட்டும் இருந்தால் பூட் லோடர். அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று வந்து கர்சர் துடித்தால் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை. வரிவரியாக எழுத்து ஓடி நின்றால் சிஸ்டம்டி. எல்லாம் ஓடி முடிந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால் அநேகமாக கிராஃபிக்ஸ்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதையும் பாருங்கள். கேப்ஸ் லாக்கை ஒருமுறை தட்டுங்கள். விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் எதையோ சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய டிஸ்க் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இன்னொரு வழி உண்டு. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி (பூட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான பி) என்ற மூன்று எழுத்துகளை நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எழுத வேண்டியதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைப் பூட்டி, மறுபடி கிளம்பும். உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் முதலிலேயே அனுமதி இருக்கிறது. சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

லோகோவை எடுத்துவிட்டு எழுத்தைப் பார்ப்பது

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். பூட் ஆகும்போது அழகான லோகோ சுற்றுகிறதே, அதற்குப் பின்னால் கெர்னல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. லோகோ அதை மறைக்கிறது. சில சமயம் எஸ்கேப் ஒன்றைத் தட்டினாலே லோகோ விலகி வரிகள் தெரியும். தெரியவில்லை என்றால்:

1. ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி இருங்கள். புது மெஷினாக இருந்தால் கம்பெனி லோகோ மறைந்ததும் எஸ்கேப்பைத் தட்டுங்கள். கிரப் மெனு வரும். எஸ்கேப்பை அதிகமாகத் தட்டி வெறும் கிரப் கர்சரில் போய் மாட்டிக்கொண்டால் நார்மல் என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப் ஒரே ஒரு தடவை.

2. முதல் வரி தேர்வாகி இருக்கும்போது ஈ எழுத்தை அழுத்துங்கள். சின்ன எடிட்டர் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரிக்குப் போங்கள். அதன் முடிவில் குவயட் ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் அழியுங்கள்.

3. கன்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள், அல்லது எஃப்10. இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்குத்தான். அடுத்த முறை பழையபடி ஆகிவிடும். அதனால் தைரியமாகச் செய்யலாம்.

இப்போது வரிகள் ஓடும். நின்ற இடத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் "ஹேங் ஆயிடுச்சு" என்று சொல்வதைவிட அந்தப் படம் ஆயிரம் மடங்கு உதவும்.

படத்தோடு வருகிறவர்களில் பலர் ஒரே வரியைச் சுட்டிக்காட்டி "இதுதான் எரர்" என்பார்கள்: /டெவ்/எஸ்டிஏ2, கிளீன், இத்தனை ஃபைல்ஸ், இத்தனை பிளாக்ஸ் என்று ஒரு வரி. அது எரரே இல்லை. டிஸ்க்கைப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கொடுக்கும் நற்சான்றிதழ் அது. திரையில் கடைசியாக அது நிற்கிறது என்றால் டிஸ்க் பாஸாகிவிட்டது, அடுத்து வர வேண்டிய கிராஃபிக்ஸ் வரவில்லை என்று பொருள். இந்த வரியைப் பார்த்துவிட்டு டிஸ்க்கை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

கரண்ட் போய் வந்த பிறகு தானாகவே கிரப் மெனு வந்து நின்றாலும் பயப்பட வேண்டாம். போன முறை பூட் முழுமையாக முடியவில்லை என்று உபுண்டு குறித்துவைத்திருக்கும். அதனால் 30 விநாடி மெனுவைக் காட்டும். என்டர் கொடுத்தால் போதும்.

கம்பெனி லோகோவிலேயே நின்றால்

பென்டிரைவ், பிரிண்டர், வெளி டிஸ்க், டாங்கிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை போடுங்கள். பாதி கேஸ் இதிலேயே தீரும். அடுத்து ராம். நாகை, வேதாரண்யம், அதிராம்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு ராமின் பித்தளை நிறப் பற்கள் மங்கிப்போகும். கரண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் பற்களை லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, 'டக்' என்று பூட்டு விழும் வரை அழுத்தி மாட்டுங்கள்.

டெஸ்க்டாப்பில் இன்னொன்றும் உண்டு. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு 3 வோல்ட் பேட்டரி, சிஆர்2032. கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் செட்டிங்குகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நாள்கணக்கில் பிளக்கில் உயிரில்லாமல் கிடக்கும் பழைய மெஷினில் இந்தப் பேட்டரி மீதமிருந்த உயிரையும் விட்டிருக்கும். அடையாளம்: தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும், எஃப்1 அழுத்து என்று திரை காத்திருக்கும். பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்துவிட்டு, டிஸ்க்கோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோட் என்ற இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்றோ ரெய்டு என்றோ மாறியிருந்தால் லினக்ஸின் கண்ணில் டிஸ்க்கே படாமல் போகலாம். பழையபடி வையுங்கள்.

கிரப் ரெஸ்க்யூ என்று வந்தால்

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷினில், விண்டோஸ் பக்கமிருந்து பார்ட்டிஷனை (டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதியை) அழித்தோ மாற்றியோ இருந்தால் இது வரும். சிலருக்கு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸே வந்து நிற்கும். அதில் லினக்ஸ் எங்கும் போய்விடவில்லை, பூட் வரிசைதான் மாறியிருக்கும். பூட் மெனுவைத் திறந்து (டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9) உபுண்டு என்ற பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையிலேயே ரெஸ்க்யூதான் என்றால் புதியவர்களுக்குக் கையால் கட்டளை தட்டும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்ட் லைவ் பென்டிரைவில் (டிஸ்க்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் மின்ட்) பூட் செய்து, மெனுவில் பூட் ரிப்பேர் என்ற கருவியைத் திறந்து, பரிந்துரைக்கும் முதல் பட்டனை அழுத்துங்கள். இன்டர்நெட் இணைப்பு இருக்கட்டும். இதற்காகவே ஒரு லைவ் பென்டிரைவை எப்போதும் மேஜை இழுப்பறையில் போட்டுவையுங்கள். மெஷின் நின்ற பிறகு அதைத் தயாரிக்க இன்னொரு வீட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

அப்டேட் நடுவில் கரண்ட் போனால்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அதிகம் பார்க்கும் கேஸ் இது. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், இடி இடிக்கும், கரண்ட் போகும். புதுக் கெர்னல் வந்திருக்கும், அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ் மூட்டை பாதிதான் தயாராகியிருக்கும். மறுபடி போட்டால் கெர்னல் பேனிக், அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் என்று நிற்கும்.

லினக்ஸ் பழைய கெர்னலை உடனே தூக்கி எறிவதில்லை. கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற இரண்டாவது வரிக்குள் போனால் பழைய எண் கொண்ட கெர்னல் இருக்கும். ரெக்கவரி மோட் என்று போடாத வரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வழக்கம்போல் உள்ளே போய்விடலாம். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து இந்த மூன்றையும் வரிசையாகக் கொடுங்கள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்
சூடோ அப்டேட்-கிரப்

சூடோ என்பது எஸ்யூடிஓ; டிபிகேஜியில் வருவது பேக்கேஜுக்குரிய பி. முதலாவது, பாதியில் நின்ற நிறுவலை முடிக்கும். இரண்டாவது, எல்லாக் கெர்னலுக்கும் மூட்டையைப் புதிதாகக் கட்டும். மூன்றாவது, மெனுவைப் புதுப்பிக்கும். இரண்டாவது கட்டளை 'நோ ஸ்பேஸ்' என்று முறைத்தால் /பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் (இங்கேயும் பேக்கேஜுக்குரிய பிதான்) கொடுத்துப் பழைய கெர்னல்களைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றால்

இதில் இரண்டு வகை. மேலே உள்ள வரிகளைப் படித்தால் பிரித்துவிடலாம்.

ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி என்ற வரி இருந்தால் கோப்பு முறைமையில் கணக்கு இடிக்கிறது. திடீரென்று கரண்ட் போகும்போது பாதி எழுதிய நிலையில் சில கோப்புகள் நின்றிருக்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் இஎக்ஸ்டி4 முறையில் ஜர்னல் என்ற குறிப்பேடு இருக்கிறது. சாதாரணமாக அதைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கும் மீறும்போதுதான் உங்களைக் கூப்பிடுகிறது. அதே வரியில் /டெவ்/எஸ்டிஏ2 என்பதுபோல் பார்ட்டிஷன் பெயர் இருக்கும். உங்கள் திரையில் உள்ளதை அப்படியே எடுத்து,

எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2

என்று தட்டுங்கள். -ஒய் என்பது கேட்கும் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று சொல்லச் சொல்வது; இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான கேள்விக்கு ஒய் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபைல் சிஸ்டம் வாஸ் மாடிஃபைடு என்று முடிந்தால் எக்ஸிட் என்று தட்டி என்டர். பெயர் இழந்த கோப்புத் துண்டுகள் லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே போய் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கட்டளையை அதே பார்ட்டிஷனில் கொடுக்காதீர்கள். இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்தோ லைவ் பென்டிரைவிலிருந்தோதான். அதோடு, வரிகளுக்கு நடுவே ஐ/ஓ எரர் (டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை) என்ற சொல் தென்பட்டால் எஃப்எஸ்சிகேவைத் தொடவே வேண்டாம். கீழே டிஸ்க் பற்றிச் சொல்லியிருப்பதற்குப் போங்கள்.

இரண்டாவது வகை: யூயூஐடி இன்னது டஸ் நாட் எக்ஸிஸ்ட் என்று வருவது. யூயூஐடி என்பது ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள நீளமான அடையாள எண். டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று பொருள். பிஎல்கேஐடி (பூட் என்ற சொல்லில் வரும் பி) என்று தட்டிப் பாருங்கள். பட்டியலில் உங்கள் டிஸ்க் இல்லை என்றால் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும், எலி கடித்திருக்கும், அல்லது மேலே சொன்ன பயாஸ் மோட் மாறியிருக்கும். அறுவடைக்குப் பிறகு நெல் மூட்டை அடுக்கிய அறையிலேயே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் எலியை முதலில் சந்தேகப்படுங்கள்.

"ஓடுது ஓடுதுன்னே காட்டுது"

பட்டுக்கோட்டைப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு பையன் போனில் பிடித்தான்.

"அண்ணே, ஓடுது ஓடுதுன்னே காட்டுது. ஒண்ணும் ஓடக் காணோம்."

"என்ன ஓடுதுன்னு போட்டிருக்கு? முழுசாப் படி தம்பி."

"எ ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங் ஃபார் டெவ் டிஸ்க் பை யூயூஐடி... அப்புறம் நீளமா ஏதோ நம்பர். பக்கத்துல 1 நிமிஷம் 30 செகண்டுன்னு எண்ணுது."

"கல்யாண போட்டோவெல்லாம் வைக்கிற பெரிய டிஸ்க் எங்க?"

"அது ஆல்பம் போடக் கும்பகோணம் போயிருக்குண்ணே."

அவ்வளவுதான் விஷயம். அந்த டிஸ்க் எப்போதும் கூடவே இருக்கும் என்று, பூட் ஆகும்போது சேர்க்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். சிஸ்டம்டி அதை நம்பி 90 விநாடி காத்திருக்கிறது. வராததால் எமர்ஜென்ஸி மோடில் இறக்கிவிடுகிறது. டிஸ்க் கும்பகோணத்தில், கம்ப்யூட்டர் பட்டுக்கோட்டையில், நடுவில் 90 விநாடி.

எமர்ஜென்ஸி மோடில் உபுண்டு, மின்ட் என்றால் என்டர் தட்டினால் உள்ளே விடும். டெபியனில் ரூட் பாஸ்வேர்ட் கேட்கும். அதை வைக்காதவர்களுக்கு ரூட் அக்கவுன்ட் பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடும், அவர்கள் லைவ் பென்டிரைவில்தான் போக வேண்டும். உள்ளே போனதும்:

நேனோ /இடிசி/எஃப்எஸ்டேப்

என்று திறங்கள். திரையில் பார்த்த நீள எண்ணின் முதல் நாலைந்து எழுத்துகள் எந்த வரியில் இருக்கின்றன என்று தேடுங்கள். அந்த வரியின் தொடக்கத்தில் # போட்டால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ், பிறகு ரீபூட். சேமிக்க விடாமல் 'ரீட் ஒன்லி' என்று அடம்பிடித்தால், வெளியே வந்து மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ / என்று கொடுத்துவிட்டு மறுபடி நேனோவைத் திறங்கள்.

டிஸ்க் திரும்பி வந்த பிறகு அந்த # குறியை எடுத்துவிடலாம். எடுக்கும்போது அதே வரியில் டிஃபால்ட்ஸ் என்று இருக்கும் சொல்லை ஒட்டி, ஒரு கமா போட்டு, நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள். கமாவுக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. டிஸ்க் இருந்தால் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிட்டுக் கிளம்பு என்று அதற்கு அர்த்தம். வெளி டிஸ்க் எதை எழுதினாலும் நோஃபெயில் இல்லாமல் எழுதக் கூடாது என்பது என் கட்சி.

இதே மாதிரி, கவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ் என்று ஒரு வரி வந்து கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் பிறகு கிளம்பினால், ராம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷனை எப்போதோ மாற்றியிருக்கிறீர்கள். ஆபத்தில்லை, தாமதம்தான்.

நிற்கவில்லை, ஆனால் ஆமை வேகம் என்றால் உள்ளே போன பிறகு சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்று கொடுங்கள் (அனலைஸில் எஸ் வராது, இசட்). யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பெரியதிலிருந்து சின்னதாகப் பட்டியல் வரும். நெட்வொர்க் மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் முதலிடத்தில் இருப்பது சகஜம், இணைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. போன முறை நின்றபோது என்ன நடந்தது என்று பார்க்க ஜர்னல்சிடிஎல் -பி -1 -பி எர்ர். இதில் இரண்டு தடவை வரும் பி ஒன்றல்ல: முதலாவது பூட்டுக்குரிய பி, இரண்டாவது பிரையாரிட்டிக்குரிய பி.

எல்லாம் ஓடியது, திரை மட்டும் இருட்டு

கிரப் மெனுவில் ஈ அழுத்தி, குவயட் ஸ்பிளாஷ் இருந்த இடத்தில் நோமோட்செட் என்று தட்டிக் கிளப்புங்கள். படம் வந்துவிட்டால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர். என்விடியா கார்டு உள்ள மெஷினில் இது அடிக்கடி. படம் பெரிதாக, மங்கலாகத் தெரியும். அப்படியே வைத்துக்கொள்ளாமல் மின்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் திறந்து பரிந்துரைத்த டிரைவரைப் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நோமோட்செட்டும் கை கொடுக்கவில்லை என்றால் அதே இடத்தில் 3 என்ற ஒற்றை எண்ணைப் போடுங்கள். டெஸ்க்டாப் இல்லாமல் எழுத்துத் திரையோடு லாகின் கேட்கும். உங்கள் பெயர், பாஸ்வேர்ட். தட்டும்போது பாஸ்வேர்ட் இடத்தில் புள்ளிகூடத் தெரியாது, அது இயல்பு.

பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் திரும்பத் திரும்ப அதே லாகின் திரைக்கே தள்ளுகிறது என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி எழுத்துத் திரைக்கு வந்து டிஎஃப் -ஹெச் கொடுங்கள். / என்ற வரியில் 100 சதவீதம் என்று இருந்தால் டிஸ்க் நிரம்பி, டெஸ்க்டாப் ஒரு சின்னக் கோப்பைக்கூட எழுத முடியாமல் திரும்பி வந்துவிடுகிறது. சூடோ ஏபிடி கிளீன் கொடுங்கள். போதாவிட்டால் சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம்; இந்த எம் மட்டும் பெரிய எழுத்து. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய சினிமாக்களுக்கும் ஒரு முடிவு கட்டுங்கள்.

டிஸ்க் சாகப்போகிறதா?

ஐ/ஓ எரர், ஹார்டு ரீசெட்டிங் லிங்க் என்று வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் பூட் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் டிஸ்க்கை இன்னும் கெடுக்கும். லைவ் பென்டிரைவில் கிளம்பி டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்தால் மேல் மெனுவில் ஸ்மார்ட் டேட்டா என்ற டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்பு இருக்கும். மூன்று எண்களைப் பாருங்கள். 5ஆவது, மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்). 197ஆவது, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், அதை மாற்றிப் பாருங்கள், செலவு கொஞ்சம்தான். டிஸ்க்தான் என்று உறுதியானால் அந்த லைவ் திரையிலிருந்தே வேண்டிய கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள், முக்கியமானதை முதலில். சரிசெய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

கரண்டைச் சரிசெய்யாமல் இது தீராது

மேலே சொன்ன கேஸ்களில் பாதிக்கு வேர் கரண்ட்தான். குறுவைக்கு நாற்றுவிடும் நேரம், பக்கத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடினால் வோல்டேஜ் இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் வந்து வந்து போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். கரண்ட் போன நொடியில் மின்விசிறி தயங்காது, ஆனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியை அதன் பவர் சப்ளை தாங்கவில்லை. பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும். அதற்கும் கேட்காவிட்டால் டெஸ்க்டாப்புக்குத் தனி யூபிஎஸ் வாங்குங்கள். மழை இருட்டும் நேரத்தில் அப்டேட் கொடுக்காதீர்கள். அணைக்கும்போது எ ஸ்டாப் ஜாப் ஈஸ் ரன்னிங் என்று வந்தால் 90 விநாடி பொறுங்கள், பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

மின்டில் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது, உபுண்டுவில் நிறுவிக்கொள்ளலாம். வாரம் ஒன்று என்று அதை ஓட விட்டால், சிஸ்டம் குழம்பும்போது லைவ் பென்டிரைவிலிருந்து போன வார நிலைக்குத் திருப்பிவிடலாம். உங்கள் சொந்தக் கோப்புகளை அது காப்பாற்றாது, அதற்குத் தனியாக ஒரு நகல் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் மூன்று விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள்: கடைசியாகத் திரையில் நின்ற வரியின் படம், அதற்குமுன் என்ன செய்தீர்கள் (அப்டேட், புது டிஸ்க், கரண்ட் கட்), உள்ளே இருப்பது லினக்ஸ் என்பது. டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் போன் பண்ணச் சொல்லி ஒரு காகிதத்தில் எழுதி மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னது கவுன்ட்டரில் இருப்பவரோடு நின்றுவிடும், ஸ்குரூ டிரைவர் பிடிப்பவர் உள்ளே இருப்பார்.